மலைப்பாதை மோட்டார் சைக்கிளின் முகப்பு விளக்கு மேம்பாடு

முகப்பு விளக்கு மேம்பாடு என்பது மோட்டார் சைக்கிளின் ஹெட்லைட் தரும் ஒளியைக் கூட்டுவதற்கோ, அதைத் தேவையான இடத்தில் விழச் செய்வதற்கோ செய்யப்படும் பணிகளைக் குறிக்கும். மண்பாதையிலும் மலைப்பாதையிலும் ஓடும் ‘ஆஃப் ரோடு’ வகை வண்டிகளில் இது பெரும்பாலும் வீட்டிலேயே செய்யப்படுகிறது. நீலகிரி மாவட்டத்தில் உதகமண்டலம் நகரைச் சேர்ந்த காந்தல் போன்ற பகுதிகளில் மூடுபனி, மழை, கொண்டை ஊசி வளைவுகள், சாலையைக் கடக்கும் காட்டெருமைகள் ஆகிய நான்கும் இரவுப் பயணத்தைக் கடினமாக்குகின்றன. இங்கு விளக்கு மங்கலாக இருப்பது ஓர் ஆபத்து. எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்வது அதற்குக் குறையாத ஆபத்து.

பின்னணி

உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைச்சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகளும், மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 வளைவுகளும் உள்ளன.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் சுமார் 11 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்துவதற்குள்ளாகவே ஒரு நொடிக்கு மேல் ஆகிவிடும். ஆகவே 20 மீட்டர் தொலைவு மட்டுமே தெரியும் நிலையில் அந்த வேகம்கூட மிகையானதாகும்.

விளக்கின் வகைகள்

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2016-இல் வெளியிட்ட 411 சிசி ஹிமாலயன் வண்டியில் எச்4 வகை ஹாலஜன் பல்பு பொருத்தப்பட்டது. இந்தப் பல்பினுள் இரண்டு இழைகள் உண்டு. ஹை பீம் இழை 60 வாட், லோ பீம் இழை 55 வாட். சோதனை மின்னழுத்தமான 13.2 வோல்ட்டில் இவை முறையே சுமார் 1,650, 1,000 லூமன் ஒளி தருகின்றன. அதே நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ஹிமாலயன் 450 வண்டியில் எல்.இ.டி. விளக்கு அமைந்தது. இவ்வகை விளக்குகளில் பல்பை மட்டும் மாற்றும் வசதி பொதுவாக இருப்பதில்லை. எனவே வீட்டில் செய்யும் மேம்பாடு பெரும்பாலும் ஹாலஜன் வண்டிகளுக்கே பொருந்தும்.

ஒளி குறையக் காரணம்

பல வண்டிகளில் குறை பல்பில் இல்லை. அதற்கு வந்து சேரும் மின்னழுத்தத்தில் உள்ளது. ஹாலஜன் பல்பின் ஒளி மின்னழுத்தத்தைவிட வேகமாகக் குறையும் தன்மையுடையது. மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கிறது. 0.5 சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள செப்பு ஒயரில் போக 2 மீட்டர், வர 2 மீட்டர் என அந்த மின்னோட்டம் சென்றால், ஒயரிலேயே சுமார் 0.7 வோல்ட் இழப்பாகும். இதனால் மட்டும் ஒளியில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். சுவிட்ச், இணைப்பு முனைகள் ஆகியவற்றில் ஏறும் துரு இந்த இழப்பை மேலும் கூட்டும். மழையும் பனியும் மிகுந்த மலைப்பகுதியில் இவ்வாறு துரு ஏறுவது இயல்பு.

இதை அறிய ஒரு மல்டிமீட்டர் போதும். எஞ்சினை ஓடவிட்டு, விளக்கை எரியவிட்டு, பேட்டரியின் முனைகளிலும் பல்பின் முனைகளிலும் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் முதலில் ஒயரிங்கைச் சரி செய்ய வேண்டும்.

ரிலே இணைத்தல்

ரிலே என்பது சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச் ஆகும். ஹை பீமுக்கு ஒன்று, லோ பீமுக்கு ஒன்று என இரண்டு ரிலேக்கள் தேவை. பணி தொடங்கும் முன் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும்.

1. பேட்டரியின் பாசிடிவ் முனையிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் எடுத்து, பேட்டரிக்கு மிக அருகில் 10 ஆம்பியர் பியூஸ் பொருத்தி, இரு ரிலேக்களின் 30-ஆம் எண் முனைகளுக்கும் இணைக்க வேண்டும்.
2. ஒவ்வொரு ரிலேயின் 87-ஆம் எண் முனையையும் அதற்குரிய பல்பு முனையுடன் இணைக்க வேண்டும்.
3. பழைய ஹெட்லைட் ஒயர்களை ரிலேயின் 86-ஆம் எண் முனைக்குக் கொடுக்க வேண்டும். இப்போது அவை விளக்கைச் சுமப்பதில்லை, ரிலேயை மட்டும் இயக்கும்.
4. 85-ஆம் எண் முனையையும் பல்பின் எர்த் முனையையும் நல்ல எர்த்துடன் இணைக்க வேண்டும்.
5. ஹேண்டில் முழுவதும் திரும்பும்போது ஒயர் இழுபடாதவாறு கட்டி, இணைப்புகளில் நீர் புகாதவாறு மூட வேண்டும்.

இதே நீளத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இழப்பு சுமார் 0.14 வோல்ட் மட்டுமே. சில வண்டிகளில் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். ஆகவே வண்டியின் ஒயரிங் படத்தைப் பார்த்த பின்னரே இணைப்பைத் தொடங்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

100/90 வாட் பல்பு 8 ஆம்பியருக்கு மேல் எடுக்கும். அதன் வெப்பத்தில் ஹோல்டர் உருகலாம், ரிஃப்ளெக்டர் மங்கலாம்.

ஹாலஜனுக்காக வடிவமைத்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. பல்பைச் செருகுவது பரவலான வழக்கம். ஆனால் ரிஃப்ளெக்டரின் வளைவு மெல்லிய இழையின் இடத்தையும் அளவையும் கொண்டு கணக்கிடப்பட்டது. எல்.இ.டி. சில்லுகள் அதே இடத்தில் அமையாவிட்டால் ஒளி சிதறி மேலெழும். ஓட்டுபவருக்குப் பாதை வெளிச்சமாகத் தெரிந்தாலும், எதிரே இறங்கி வரும் பேருந்து ஓட்டுநருக்குச் சாலையின் விளிம்பு மறைந்துவிடும்.

மூடுபனியில் ஹை பீம் பயன்படாது. நீர்த்துளிகளில் பட்ட ஒளி திரும்பி ஓட்டுபவரின் கண்ணிலேயே விழும். மஞ்சள் ஒளி பனியை ஊடுருவும் என்பது தவறான நம்பிக்கை. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியவை என்பதால் எல்லா நிறங்களும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் சிதறும். தாழ்வாகப் பொருத்தப்பட்டு, அகலமாகவும் மேல் விளிம்பு வெட்டியது போலவும் ஒளி தரும் விளக்கே பனியில் உதவும்.

ஒளியின் உயரத்தைச் சரி செய்தல்

செலவில்லாத மேம்பாடு இதுவே. டயர்களில் சரியான காற்று அடைத்து, ஓட்டுபவர் வண்டியில் அமர்ந்த நிலையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்த வேண்டும். தரையிலிருந்து விளக்கின் மையம் உள்ள உயரத்தைச் சுவரில் குறிக்க வேண்டும். லோ பீமின் மேல் விளிம்பு அந்தக் குறிக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். மலையூரில் சமதளம் கிடைப்பது அரிது. ஆயினும் வண்டியிலிருந்து சுவர் வரை தரை ஒரே சீராகச் சரிந்திருந்தால் இந்த அளவீடு சரியாகவே இருக்கும். பின்னால் ஆள் அல்லது சுமை ஏறினால் ஒளி மேலே தூக்கும் என்பதால், அப்போது மீண்டும் இறக்க வேண்டும்.

சட்டம்

2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் புதிய இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது விளக்கு தானாகவே எரிய வேண்டும். ரிலே பொருத்தும்போது இந்த அமைப்பைத் துண்டிக்கக் கூடாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. பழைய அளவிலேயே பல்பை வைத்துக்கொண்டு ஒயரிங்கையும் உயரத்தையும் சரி செய்வதே பாதுகாப்பான வழியாகும்.

மலைச்சாலையில் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. வழிவிடுபவருக்குச் சாலையின் ஓரம் தெரிய வேண்டுமானால், ஏறிவருபவர் தம் ஹை பீமை இறக்க வேண்டும்.