ஓடாத ஸ்கிரிப்டும் ஒரு மேற்கோள் குறியும்

வல்லக்கோட்டையில் உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கும் நண்பருக்கு ஒரு வலைப்பக்கம் செய்து கொடுத்தேன். முகவரி, வேலை நேரம் தேடுபொறிக்குப் புரியட்டும் என்று ஹெட் பகுதியில் ஜேஸன்-எல்டி வைத்தேன். ஒரு மாதம் ஆச்சு, ஒன்றும் பதியவில்லை. பக்கம் நன்றாகத்தான் தெரிந்தது, பிழைச் செய்தியும் கிடையாது.

சோர்ஸைத் திறந்தால், மேற்கோள் குறி வரவேண்டிய இடமெல்லாம் ஆம்பர்சாண்டில் தொடங்கும் எச்டிஎம்எல் குறியீடு!

ஸ்கிரிப்ட் டேக்கின் டைப் ஜாவாஸ்கிரிப்ட் வகையாக இல்லாவிட்டால் (மாட்யூல், இம்போர்ட்மேப் மாதிரி சிலது விதிவிலக்கு) பிரவுசர் அதை இயக்காது, வெறும் தரவாக வைத்துக்கொள்ளும். ஆனால் பார்சருக்கு அது ஸ்கிரிப்ட்தான். உள்ளே இருக்கும் குறியீடுகளை எழுத்தாக மாற்றாது. ரியாக்ட் சர்வர் பக்கம் வழக்கம்போல எஸ்கேப் செய்தது, ஜேஸன் கெட்டது.

சரி, எஸ்கேப்பே வேண்டாம் என்று டேஞ்சரஸ்லி-செட்-இன்னர்-எச்டிஎம்எல் வழியாக அப்படியே கொட்டலாமா? (பெயரிலேயே எச்சரிக்கை இருக்கு.) தரவுக்குள் எங்காவது ஸ்கிரிப்டை மூடும் டேக் வந்தால் பார்சர் அங்கேயே மூடிவிடும். மிச்சம் எச்டிஎம்எல்லாகப் படிக்கப்படும், அதில் ஜாவாஸ்கிரிப்ட் இருந்தால் ஓடவும் செய்யும். வாடிக்கையாளர் எழுதும் கருத்தை அதில் சேர்க்கிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜாங்கோ 2.1-இல் வந்த ஜேஸன்-ஸ்கிரிப்ட் ஃபில்டர் இதைச் சரியாகச் செய்கிறது: <, >, & மூன்றையும் ஜேஸனுக்கே உரிய யூனிகோட் எஸ்கேப்பாக மாற்றுகிறது. பார்சர் கண்ணில் டேக் படாது, ஜேஸனைப் படிப்பவருக்கோ அதே எழுத்து. என்ன, டைப்பைச் சாதாரண ஜேஸன் என்றே போடும், எல்டிக்கு ஆகாது. நெக்ஸ்ட் ஜேஎஸ் ஆவணமும் < குறியை மாற்றச் சொல்கிறது, ஆனால் நாமேதான் செய்யணும். ஆங்குலர் டெம்ப்ளேட்டில் எழுதினால் டேக்கையே தூக்கிவிடும்.

நான் சேர்த்தது ஒரு ரீப்ளேஸ் வரி.