"விளையாட்டுக்குத்தான் தள்ளினோம் டீச்சர்!"

இன்டர்வெல் மணி அடித்ததும் பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரளுவது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உண்டு. உடன்குடிப் பக்கம் கேட்கவே வேண்டாம். கீழே மணல்தானே, விழுந்தால் என்ன என்ற தைரியம் வேறு! பின்னாலிருந்து முதுகில் ஒரு தட்டு, 'ஓடுலே' என்று ஒரு தள்ளு. மற்றப் பிள்ளைகளுக்கு அது சிநேகம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கோ அதுவே பெரும் பயம்.

குலசை தசராவில் மேளம் அதிர்ந்ததும் காதைப் பொத்திக்கொண்டு அம்மாவின் முந்தானைக்குள் ஒளியும் பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க டாக்டர் லியோ கான்னர் 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, பெரிய சத்தத்துக்கு இவர்கள் மிரளுவதைக் குறிப்பிட்டிருக்கிறார். எதிர்பாராத தொடுதலும் பலருக்கு அப்படித்தான். போதாக்குறைக்கு, எதிரே வருபவன் முகம் கோபமா, கேலியா, சிரிப்பா என்று சட்டென்று பிடிபடாது.

வீட்டுக்கு வந்து புகார் சொல்லவும் தெரியாது. 'யார் அடிச்சா? ஏன் அடிச்சா?' என்று உலுக்காதீர்கள். திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி, யூனிஃபார்மைக் கண்டாலே அழுகை, நின்றுபோன படுக்கை ஈரம் திரும்ப வருவது... இவையெல்லாம் புகார்தான். சில பிள்ளைகள் கேட்ட வார்த்தையை அப்படியே திருப்பிச் சொல்வார்கள். ராத்திரி படுக்கையில் 'பிடிச்சுத் தள்ளுலே' என்று பிள்ளை முணுமுணுத்தால், அதைப் பள்ளியில் யாரோ சொல்லியிருக்கலாம். ஒரு தாளில் பள்ளிக்கூடத்தைப் படமாக வரைந்து, 'நீ எங்கே நின்றாய்?' என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். வலியை அதிகம் உணராத பிள்ளைகளும் உண்டு என்பதால், குளிப்பாட்டும்போது உடம்பை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கிளாஸ் டீச்சரிடம் சண்டைக்குப் போகிற மாதிரி போகாமல், ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிற இடத்தில் உட்கார வைப்பது, வரிசையில் நடுவில் நசுங்காமல் கடைசியில் நிறுத்துவது, பயந்தால் ஓடிப்போய் நிற்க ஓர் இடமும் அங்கே ஒரு பெரியவரும்... இதற்கெல்லாம் காலணா செலவில்லை. உள்ளங்கையை நீட்டினால் 'நிறுத்து' என்று அர்த்தம். அதை வீட்டில் அண்ணன் தங்கையோடு தினமும் விளையாட்டாகவே பழக்குங்கள். வகுப்பில் அத்தனை பேருக்கும் அதே விதியை டீச்சர் சொல்லிவிட்டால், இவனைத் தனியாகச் சுட்டிக்காட்ட வேண்டியதே இல்லை. சாதுவான இரண்டு பிள்ளைகளைத் துணைக்குச் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது.

'பி.டி. பீரியடில் இவனை உட்கார வைத்துவிடுகிறோம்' என்பார்கள். சம்மதிக்காதீர்கள்! 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் அடங்கும். மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக விளையாட்டு வாய்ப்பும் தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். முதலில் பந்தை உருட்டிப் பிடிப்பது மாதிரி இடிபடாத விளையாட்டாக இருக்கட்டும்.

வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பள்ளிக்கு வந்து டீச்சரோடு பேசச் சொல்லலாம். பள்ளி காது கொடுக்காவிட்டால் பள்ளிக்கல்வித் துறையின் 14417. பிள்ளையை யாரேனும் துன்புறுத்துவது தெரிந்தால் 1098. இரண்டையும் வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள்.