மூளையின் பகுதிகளும் அவற்றின் தொழில்களும்

மைய நரம்புத்தொகுதி மூளை, முண்ணாண் என்பவற்றாலானது. மனிதனில் மூளையிலிருந்து 12 சோடி மண்டையோட்டு நரம்புகளும் முண்ணாணிலிருந்து 31 சோடி முண்ணாண் நரம்புகளும் வெளியேறுகின்றன. இவை சுற்றயல் நரம்புத்தொகுதிக்கு உரியவை.

மூளையின் பிரதான பகுதிகள் மூன்று:

1. மூளையம் – மிகப் பெரிய பகுதி. இரு அரைக்கோளங்களைக் கொண்டது. சிந்தனை, ஞாபகம், பேச்சு, இச்சைவழி இயக்கங்கள் என்பவற்றைக் கட்டுப்படுத்தும்.
2. மூளி – மூளையத்தின் பின்புறம் கீழே அமைந்தது. உடற் சமநிலையைப் பேணும்; தசைகளின் இயக்கங்களை இயைபுபடுத்தும்.
3. நீள்வளைய மையவிழையம் – மூளையை முண்ணாணுடன் தொடுக்கும். சுவாசம், இதயத்துடிப்பு வீதம், குருதியமுக்கம், விழுங்கல் என்பவற்றைக் கட்டுப்படுத்தும்.

துவிச்சக்கரவண்டி ஓட்டும் ஒருவரைக் கருதுக. சந்தியில் எப்பக்கம் திரும்புவது எனத் தீர்மானிப்பது மூளையம். விழாது சமநிலை பேண உதவுவது மூளி. அவர் நினையாதபோதும் சுவாசத்தை நடத்துவது நீள்வளைய மையவிழையம்.

விபத்தில் மூளையத்தின் ஒரு பகுதி சேதமுற்றால் பேச்சையோ ஞாபகத்தையோ இழந்தும் ஒருவர் உயிர்வாழலாம். மூளி சேதமுற்றால் நடை தள்ளாடும். நீள்வளைய மையவிழையம் கடுமையாகச் சேதமுற்றாலோ சுவாசம் நின்று இறப்பு நேரிடும்.

கவனிக்க: இதயத்துடிப்பைத் தொடக்குவது இதயமே. நீள்வளைய மையவிழையம் அதன் வீதத்தையே சீராக்குகிறது. விடை எழுதும்போது “வீதம்” என்னும் சொல்லை விட்டுவிடாதீர்கள்.