ஆவாரம்பட்டையும் பல்லடைப்பும்

உத்திரமேரூர்ப் பக்கத்து மேட்டு நிலங்களில் ஆவாரை கேட்பாரற்று வளர்கிறது. மாட்டுப் பொங்கலுக்கு மாலை கட்டவும், காயவைத்து டீ போடவும் பூவைப் பறிப்பதோடு சரி. ஒரு காலத்தில் அதன் பட்டைக்குத் தனி மவுசு இருந்தது. பதனிடப்பட்டு மதராஸிலிருந்து கப்பலேறிய தோல்களில் பெரும்பங்கு ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறியவை. பட்டையிலுள்ள டானின், தோலின் கொலாஜன் என்ற புரதத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். பிறகு தோல் அழுகாது.

மாட்டுத்தோலில் மட்டுமா? மனிதத் தோலின் உள்ளடுக்கை உலர்த்தி எடை போட்டால் ஏறக்குறைய முக்கால் பங்கு கொலாஜன்தான். பல்லில் எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினில் சுமார் 70 சதவீதம் தாது, 20 சதவீதம் கரிமப் பொருள். அந்தக் கரிமப் பொருளில் பத்தில் ஒன்பது பங்கு கொலாஜன்.

இந்தப் புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்த இடம் சென்னை. 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது ஜி. என். ராமச்சந்திரனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கொலாஜன் இன்னும் பிடிபடாமல் இருக்கிறது என்று அவரிடம் சொன்னவர், சென்னைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே. டி. பெர்னால். அடையாறில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்தது, கொலாஜன் மாதிரிகள் பெற வசதியாகப் போயிற்று. கங்காரு வாலின் தசைநாண்தான் எக்ஸ்-கதிர் படத்தில் தெளிவாக விழுந்தது!

கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து அவர் 1954இல் ‘நேச்சர்’ இதழில் முடிவை வெளியிட்டார். கொலாஜன் ஒரு முப்புரிக் கயிறு. ஒவ்வொரு புரியிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் என்ற அமினோ அமிலம் வருகிறது. மூன்று புரிகளும் நெருங்கும் நடுப்பகுதியில் அதைவிடப் பெரிய எதற்கும் இடமில்லை. அடுத்த ஆண்டே மாதிரியைத் திருத்தினார்கள். அதில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்று பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் ஆட்சேபித்தார்கள். எவ்வளவு நெருங்கலாம் என்று ராமச்சந்திரன் கணக்கில் இறங்கினார். ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவருடன் அவர் 1963இல் வெளியிட்ட ‘ராமச்சந்திரன் வரைபடம்’, புரத அமைப்பைச் சரிபார்க்க இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. நோபல் வரவில்லை, வந்திருக்க வேண்டும்.

மறுபடி பல்லுக்கு வருவோம். சொத்தைப் பல்லை அடைக்கும்போது மருத்துவர் அமிலம் தடவுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். டென்டினின் தாது கரைந்து கொலாஜன் இழைகள் வெளித்தெரியும். அவற்றின் இடுக்குகளில் பிசின் புகுந்து இறுகினால் அடைப்பு நிற்கும். பிசினும் கொலாஜனும் பின்னிய இந்த அடுக்கை 1982இல் விவரித்தவர் ஜப்பானின் நகபயாஷி. பல்லிலேயே இருக்கும் நொதிகள் நாளடைவில் அந்த இழைகளை அரிப்பது, அடைப்பு பெயர்வதற்கு ஒரு காரணம்.

தோலில் பார்த்த அதே அழுகல் பிரச்சினைதான், இடம் மட்டும் வேறு. அதனால் ஆய்வாளர்கள் டானினிடமே திரும்பியிருக்கிறார்கள். திராட்சை விதையில் கிடைக்கும், ஆவாரம்பட்டை டானினுக்கு உறவான புரோஆந்தோசயனிடின், டென்டினின் கொலாஜனை வலுவாக்குவது சோதனைகளில் தெரிகிறது. ஆவாரம்பட்டைப் பொடியைச் சொத்தைக்குள் வைத்து அழுத்தலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஆய்வுக்கூடத்திலும் ஒரு தலைவலி தீரவில்லை. தோலைச் சிவப்பாக்குவதுபோல டானின் பல்லிலும் பழுப்புக் கறையை ஏற்றிவிடுகிறது.