செயலிக்கேற்ற கருனி

கணினியின் பொத்தானை அழுத்திய சிறிது நேரத்தில் திரையில் எழுத்துக்கள் தோன்றுகின்றன. மின்சாரம் பாய்வதற்கும் எழுத்துத் தோன்றுவதற்கும் இடையே கழியும் அந்தச் சில கணங்களில் என்ன நிகழ்கின்றது என்பதைக் கணினியைப் பயன்படுத்துவோருட் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வேளையில் ஒரு செய்நிரல் எழுகின்றது. நினைவகத்தை அளந்து பங்கிடுகின்றது. விசைப்பலகை, திரை, வட்டு ஆகிய கருவிகளைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருகின்றது. பின்பு மற்றைய செய்நிரல்களுக்கு முறைவைத்து வேலை கொடுக்கின்றது. பணிசெயல் முறைமை எனப்படும் பெருந்தொகுதியின் நடுவே இருக்கும் இப்பகுதியை ஆங்கிலத்திற் கேர்னல் என்பர். கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்பது அச்சொல்லின் பொருள். தமிழில் அதற்குக் கருனி என்னும் பெயர் வழங்குகின்றது.

ஏனைய செய்நிரல்கள் தமக்கு வேண்டியதைக் கருனியிடம் கேட்டுப் பெறுகின்றன. கருனிக்கோ அவ்வாறு கேட்பதற்கு ஒருவருமில்லை. கணினியின் மூளை எனப்படும் செயலியோடு அது நேருக்கு நேர் நின்று பேசவேண்டும். ஆகவே, எந்தச் செயலியோடு பேசப் போகின்றதோ அந்தச் செயலிக்கு ஏற்றவாறு கருனி அமைக்கப்படல் வேண்டும். அவ்வமைப்பு எவ்வாறு செய்யப்படுகின்றது, அதிற் பிழை நேர்ந்தால் விளைவது யாது, ஒரு பழைய இயந்திரத்தின் வாழ்வும் முடிவும் அதனால் எவ்வாறு தீர்மானிக்கப்படுகின்றன என்பன அறியத்தக்கவை.

செயலிகள் பலவகைப்படும். மேசைக் கணினிகளிற் பெரும்பாலானவற்றில் இருப்பவை இன்ரெல் நிறுவனம் தொடக்கிய வழியில் வந்தவை. கைத்தொலைபேசிகளில் இருப்பவை ஏறக்குறைய எல்லாமே ஆர்ம் வழியைச் சேர்ந்தவை. இரு வழிச் செயலிகளும் எண்களைக் கூட்டும், கழிக்கும், ஒப்பிடும். ஆயினும், அவ்வேலைகளைச் செய்யுமாறு கூறும் அறிவுறுத்தல்கள் இரண்டிற்கும் வெவ்வேறு. சென்ற இடத்திலிருந்து திரும்பி வருமாறு கூறும் அறிவுறுத்தல், இன்ரெல் வழியில் 195 என்னும் எண்ணைத் தாங்கிய ஒரேயொரு பைற்றாகும். அவ்வழியில் ஓர் அறிவுறுத்தல் 1 பைற் தொடக்கம் 15 பைற் வரை நீளலாம். 64 பிற் ஆர்ம் வழியிலோ அறிவுறுத்தல் ஒவ்வொன்றும் 4 பைற் நீளமே உடையது. எனவே, ஒரு செயலிக்கென ஆக்கிய கட்டளைத் தொடர் மற்றச் செயலிக்கு வெறும் பிதற்றலாகும்.

வேற்றுமை இதனோடு நின்றுவிடவில்லை. திகதி எழுதும் முறையை நினைத்துப் பார்க்கலாம். நாள், மாதம், ஆண்டு என்று எழுதுவோர் உளர். ஆண்டு, மாதம், நாள் என்று எழுதுவோரும் உளர். இருவரும் குறிப்பது ஒரே நாளையே. ஆயின், ஒருவர் எழுதியதை மற்றவர் தம் முறைப்படி வாசித்தாற் குழப்பம் நேரும். பல பைற்றுகளால் ஆன ஓர் எண்ணை நினைவகத்தில் வைக்கும்போதும் இவ்வாறே. இன்ரெல் வழிச் செயலி சிறிய பெறுமானமுள்ள பைற்றை முதலில் வைக்கும். பெரிய பெறுமானமுள்ளதை முதலில் வைக்கும் செயலிகளும் உண்டு. ஜொனதன் சுவிப்ற் 1726இல் வெளியிட்ட கலிவரின் பயணக் கதையில், முட்டையை எந்த முனையில் உடைப்பது என்பது பற்றி மக்கள் போர் புரிகின்றனர். அக்கதையிலிருந்தே இவ்விரு முறைகளுக்கும் சிறுமுனை, பெருமுனை என்னும் பெயர்களை 1980இல் டனி கோகன் என்னும் அறிஞர் எடுத்து வழங்கினார். பெயர் வேடிக்கையானது, ஆனால், அதனைக் கவனியாது விட்டால் வட்டிலுள்ள தரவுகள் யாவும் தலைகீழாகிவிடும்.

இத்துணை வேற்றுமைகள் இருக்க, ஒரே கருனி பலவகைச் செயலிகளில் ஓடுவது எவ்வாறு? இதற்கு விடை காண்பதற்கு லினக்ஸ் என்னும் கருனியின் வரலாறு பெரிதும் உதவும்.

பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் ரோர்வால்ட்ஸ் 1991இல் அக்கருனியை எழுதத் தொடங்கினார். அவரிடம் இருந்தது இன்ரெல் 386 செயலி பொருத்திய ஒரு கணினி. அச்செயலி 1985இல் வெளிவந்தது. அதன் தனித்தன்மைகளைப் பயன்படுத்தியே கருனி எழுதப்பட்டமையால், பிற செயலிகளுக்கு அதனைக் கொண்டுசெல்ல இயலாது என்று அவரே அவ்வாண்டு ஆகஸ்ற் மாதத்தில் அறிவித்தார். ஓர் ஊரின் நிலத்திற்கென இட்ட அத்திவாரம் மற்றோர் ஊருக்குப் பெயர்க்கத் தக்கதன்று என்பது போன்ற நேர்மையான கூற்று அது.

மூன்று ஆண்டுகளில் நிலைமை மாறியது. டிஜிற்றல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோன் ஹோல் என்பவர், அந்நிறுவனத்தின் அல்பா செயலி பொருத்திய கணினியொன்று 1994இல் ரோர்வால்ட்ஸிடம் சேர வழிசெய்தார். அல்பா 64 பிற் செயலி. 386 செயலியோ 32 பிற். 386 நினைவகத்தை 4 கிலோபைற் கொண்ட பக்கங்களாகப் பங்கிடும். அல்பாவின் பக்கம் 8 கிலோபைற் கொண்டது. ஓரிரண்டு வரிகளைத் திருத்தி முடிக்கும் வேலையாக அஃது இருக்கவில்லை. செயலிக்குச் செயலி வேறுபடுவன எவை, எல்லாவற்றுக்கும் பொதுவானவை எவை என்று கருனி முழுவதையும் பகுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. வேறுபடுவன யாவும் தனியொரு பிரிவில், செயலிவகை ஒவ்வொன்றுக்கும் ஓர் அறையாக வைக்கப்பட்டன. கோப்புகளைப் பேணுவதும் செய்நிரல்களுக்கு முறைவைப்பதும் போன்ற வேலைகள் பொதுப் பகுதியாயின. 1995ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளிவந்த 1.2 பதிப்பு இன்ரெல் வழியோடு அல்பா, மிப்ஸ், ஸ்பார்க் என்னும் செயலிகளிலும் ஓடியது. இன்று அத்தகைய அறைகள் ஏறக்குறைய இருபது உள்ளன.

பொதுப் பகுதியைப் பலவகைச் செயலிகளுக்கும் எடுத்துச் செல்ல முடிந்தமைக்கு இன்னுமொரு காரணம் உண்டு. 1973இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் யுனிக்ஸ் கருனியைச் சி என்னும் மொழியில் மீண்டும் எழுதினர். அதுவரை கருனிகள் பெரும்பாலும் செயலியின் சொந்த மொழியிலேயே எழுதப்பட்டன. சி மொழியில் எழுதியதைத் தொகுப்பான் என்னும் செய்நிரல், வேண்டிய செயலியின் மொழிக்கு மாற்றித் தரும். லினக்ஸும் அவ்வழியையே பின்பற்றியது.

இனி, ஒரு குறிப்பிட்ட செயலிக்குக் கருனியை அமைப்பவர் செய்யும் வேலையைக் காண்போம். லினக்ஸ் கருனியில் தெரிவுசெய்ய வேண்டிய அமைவுகள் பதினாயிரத்திற்கும் மேற்பட்டவை. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வார் எவருமிலர். முதலில் செயலிவகை குறிக்கப்படும். அவ்வகைக்கென ஆயத்தமாக உள்ள அமைவுப் பட்டியல் எடுக்கப்படும். பின்பு, வேண்டிய இடங்களில் மாத்திரம் அது திருத்தப்படும். பல அமைவுகளுக்கு மூன்று விடைகள் உண்டு. குறித்த பகுதி கருனியின் உள்ளேயே இருக்கலாம்; இல்லாது விடப்படலாம்; அல்லது தனிக் கூறாக வட்டில் வைக்கப்பட்டு, தேவையானபோது ஏற்றப்படலாம்.

மூன்றாவது விடை சிக்கனமானது. எனினும், அதில் ஓர் இடர் உண்டு. வட்டை வாசிக்கும் இயக்கியையே தனிக் கூறாக்கி, அந்த வட்டிலேயே வைத்துவிட்டால், இயக்கியைப் பெற வட்டை வாசிக்க வேண்டும். வட்டை வாசிக்க இயக்கி வேண்டும். பெட்டியைப் பூட்டித் திறவுகோலை அதன் உள்ளே வைத்தவர் நிலை இதுவே. இதனைத் தவிர்ப்பதற்குத் தொடக்கத்திற் பயன்படும் இயக்கிகளைக் கொண்ட சிறு பொதியொன்றைக் கருனியோடு சேர்த்தே நினைவகத்தில் ஏற்றுவர். அல்லது அவ்வியக்கியைக் கருனியின் உள்ளேயே வைப்பர்.

எல்லாவற்றினும் கவனமாகச் செய்யத்தக்கது செயலியின் தலைமுறையைக் குறிப்பதாகும். ஒரே வழியில் வந்த செயலிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இன்ரெல் நிறுவனம் 1995இல் வெளியிட்ட பென்ரியம் புரோ செயலியில், நிபந்தனை நிறைவேறினால் மாத்திரம் ஒரு பெறுமானத்தை இடம் மாற்றும் அறிவுறுத்தல் புதிதாகச் சேர்ந்தது. அதனைப் பயன்படுத்துமாறு தொகுத்த கருனி, அதற்கு முந்திய பென்ரியம் செயலியில் ஓடாது. தான் கற்றிராத அறிவுறுத்தலைக் கண்டதும் செயலி திகைத்து நின்றுவிடும். இதற்கு அஞ்சி மிகப் பழைய தலைமுறையையே குறித்தால், கருனி எங்கும் ஓடும். ஆனால், புதிய செயலியின் ஆற்றல்கள் வீணே கிடக்கும். எல்லை குறிப்பவர் ஒருவரை உள்ளே விடும்போது மற்றவரைச் சிறிது தாமதிக்கச் செய்கின்றார். ஒருவரை விரைவுபடுத்தும்போது மற்றவரை வெளியே நிறுத்துகின்றார்.

பென்ரியம் எம் என்னும் செயலிகளுக்கு நேர்ந்தது இதற்குத் தக்க சான்று. மடிக்கணினிகளுக்கென அவை 2003 முதல் வெளிவந்தன. 32 பிற் செயலி 4 ஜிகாபைற்றுக்கு மேற்பட்ட நினைவகத்தைக் கையாள்வதற்கான ஓர் ஏற்பாடு பென்ரியம் புரோ காலம் முதல் இன்ரெல் வழியில் இருந்து வந்தது. பென்ரியம் எம் செயலிகள் பலவற்றில் அவ்வேற்பாடு உள்ளே இருந்தும், அஃது உண்டென்று அச்செயலிகள் அறிவிப்பதில்லை. கருனியோ தொடங்கும்போது செயலியின் அறிவிப்பையே கேட்கும். அவ்வேற்பாட்டைக் கட்டாயமாக்கி அமைத்த கருனிகள், இல்லையென்ற விடையைக் கேட்டு ஓட மறுத்தன. பழுதெதுவும் இல்லாத மடிக்கணினிகள் இவ்வாறு வாயிலில் நிறுத்தப்பட்டன. செயலியின் அறிவிப்பைப் பொருட்படுத்தாது அவ்வேற்பாட்டைப் பயன்படுத்துமாறு பணிக்கும் ஒரு சொல் 2014இல் கருனியிற் சேர்க்கப்பட்டது. அதன்பின், அச்சொல்லைத் தொடக்கத்தில் தட்டச்சுச் செய்து அத்தகைய கணினிகளை இயக்க வழி பிறந்தது.

ஆர்ம் வழியிற் சிக்கல் வேறுவகையானது. இன்ரெல் வழிக் கணினியில் எந்தக் கருவி எங்கே இருக்கின்றது என்பதைக் கருனி பெரும்பாலும் தானே விசாரித்து அறியலாம். ஆர்ம் அட்டைகள் பலவற்றில் அவ்வாறு விசாரிக்க வழியில்லை. அதனால், அட்டைக்கு அட்டை வெவ்வேறு விபரங்களைக் கருனியின் உள்ளேயே எழுதி வைத்தனர். அட்டைகள் பெருகப் பெருக அவ்வெழுத்தும் பெருகிற்று. இது கட்டுக்கடங்காமற் போவதை 2011இல் ரோர்வால்ட்ஸ் வெளிப்படையாகக் கண்டித்தார். அதன்பின் ஆர்ம் அட்டைகளின் விபரங்கள் படிப்படியாகக் கருனியிலிருந்து பிரிக்கப்பட்டுச் சாதன மரம் எனப்படும் தனிக் கோப்புகளில் வைக்கப்பட்டன. 2012ஆம் ஆண்டு டிசெம்பரில் வெளிவந்த 3.7 பதிப்பு முதல், ஒரே கருனி பல ஆர்ம் அட்டைகளில் ஓடத்தக்கதாயிற்று.

அதே ஆண்டில் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்த றாஸ்பெரி பை என்னும் சிறு கணினி இவ்வுண்மைகளைக் கையில் வைத்துக் காட்டுகின்றது. முதலில் வந்த அட்டை ஆர்ம் வழியின் ஆறாம் தலைமுறையைச் சேர்ந்தது. 2015இல் வந்தது ஏழாம் தலைமுறை. 2016இல் வந்தது எட்டாம் தலைமுறையைச் சேர்ந்த 64 பிற் செயலியைக் கொண்டது. இவற்றுக்கென வெவ்வேறு கருனிகள் ஒரே நினைவட்டையில் வைக்கப்படுகின்றன. ஏழாம், எட்டாம் தலைமுறைகளுக்குரிய கோப்புகளின் பெயர்களில் அந்த எண்களே இடம்பெறுகின்றன. மின்சாரம் பாய்ந்ததும் எழும் தொடக்கச் செய்நிரல், தான் எந்த அட்டையில் இருக்கின்றது என்பதை அறிந்து, அதற்கேற்ற கருனியை எடுத்து ஏற்றுகின்றது. இச்சிறு கணினியிலேயே அதன் கருனியைத் தொகுக்கவும் கூடும். ஆனால், நெடுநேரம் செல்லும். ஆதலின், ஆற்றல்மிக்க இன்ரெல் வழிக் கணினியில் ஆர்ம் மொழிக்குத் தொகுத்து எடுத்து வருவதே பெருவழக்கு.

கருனியின் தொட்டிலாயிருந்த 386 செயலிக்கு இறுதியில் நேர்ந்தது யாது? அச்செயலியில் ஒரு குறை இருந்தது. வாசிக்க மாத்திரமென அடையாளமிட்ட பக்கத்தில் வேறு செய்நிரல் எழுத முயன்றால் அது தடுக்கும். கருனியே எழுத முற்பட்டால் தடுக்காது. 1989இல் வந்த 486 செயலி அதனையும் தடுக்க வல்லது. இரு பெறுமானங்களை ஒப்பிட்டு இடையூறின்றி மாற்றும் அறிவுறுத்தலும் 486இல் உண்டு, 386இல் இல்லை. இக்குறைகளை நிரப்புவதற்கென எழுதிய பகுதிகளைப் புதிய மாற்றம் ஒவ்வொன்றின்போதும் பேண வேண்டியிருந்தது. அச்சுமை 2012 டிசெம்பரில் இறக்கப்பட்டது. 2013 பெப்ரவரியில் வெளிவந்த 3.8 பதிப்பு முதல் லினக்ஸ் 386 செயலியில் ஓடுவதில்லை. எந்தச் செயலிக்காகப் பிறந்ததோ அந்தச் செயலியையே அது கைவிட்டது. ஆண்டு பல கடந்து, இற்றானியம் என்னும் 64 பிற் செயலிக்குரிய அறையும் 2023இல் அகற்றப்பட்டது.

இதனை நன்றி மறந்த செயலென்று கொள்வதற்கில்லை. பழைய பதிப்புகளின் மூலம் எவரும் எடுத்துக்கொள்ளத்தக்கதாக இன்றும் இருக்கின்றது. 386 கணினி வைத்திருப்பவர் அவற்றிலொன்றைத் தொகுத்து ஓட்டலாம். ஆயினும், பின்னர் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்புக் குறைகளுக்கான திருத்தங்கள் பழைய பதிப்புகளை எக்காலமும் வந்தடைவதில்லை. ஓர் இயந்திரம் பழுதாகும் நாளும் அதனைப் பேணுவோர் கைவிடும் நாளும் ஒன்றல்ல என்பதும், பின்னது பெரும்பாலும் முந்திவிடும் என்பதும் இதனாற் பெறப்படும்.

ஆகவே, பழைய கணினியொன்றைத் தூக்கி எறியுமுன் அதன் செயலி எந்த வழியினது, எந்தத் தலைமுறையினது, எவ்வாற்றல்களை உடையது என்று விசாரித்தல் நன்று. ஓடவில்லை என்று ஒதுக்கப்பட்ட இயந்திரங்கள் எல்லாம் பழுதுற்றவையல்ல. அவற்றுட் சில, தமக்குப் புரியும் மொழியிற் பேசவல்ல கருனியொன்று கிடைக்காமையினாலேயே பேசாதிருப்பவை.