விடுப்பும் உரிமையும்

நுழையும்முன்

நோயும் மகப்பேறும் நாள்பார்த்து வருவதில்லை. அவை வரும்போது உழைப்பவரின் வேலையும் ஊதியமும் காக்கப்பட வேண்டும் என்பது சட்டம் ஏற்றுக்கொண்ட நெறி. அந்தப் பாதுகாப்பு யாருக்கு, எத்தனை நாள், எத்தகுதியின்பேரில் கிடைக்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

அண்ணனூர் தொடர்வண்டி நிலையத்தில் நாள்தோறும் காலையில் ஏறுவோருள் பலர், அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்பவர்கள். அவர்களுள் ஒருவர் காய்ச்சலால் பத்து நாள் படுத்துவிட்டால் அந்த மாதக் குடும்பச் செலவு என்னாகும்? இவ்வினாவிற்கு விடையாக அமைந்ததே 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம். மக்கள் வழக்கில் இது ‘இ.எஸ்.ஐ.’ எனப்படுகிறது.

நோய்க்கால விடுப்பு

2017 முதல், மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மிகாதோர் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். தொழிலாளி தம் ஊதியத்தில் 0.75 விழுக்காடும், நிறுவனம் 3.25 விழுக்காடும் செலுத்துகின்றன. 18,000 ரூபாய் ஊதியம் பெறுபவருக்கு அவருடைய பங்கு 135 ரூபாய். நிறுவனத்தின் பங்கு 585 ரூபாய்.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான ஆறு மாதங்களில் குறைந்தது 78 நாள்களுக்குப் பங்களிப்பு செலுத்தப்பட்டிருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை நோய்ப்பயன் பெறலாம். ஆண்டிற்கு 91 நாள்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். நாள் ஊதியம் 600 ரூபாய் எனக் கணக்கிடப்பட்டால், நாளொன்றுக்கு 420 ரூபாய். காசநோய், புற்றுநோய் போன்ற நெடுநாள் நோய்களுக்குக் கூடுதல் தகுதிகளின்பேரில் நீட்டிக்கப்பட்ட பயனும் உண்டு.

இங்கு எண்ணே உரிமையைத் தீர்மானிக்கிறது. 77 நாள்கள் மட்டுமே கணக்கில் இருப்பின் தகுதி நிறைவடையாது. ஆகவே, தம் பெயரில் பங்களிப்பு முறையாகச் செலுத்தப்படுகிறதா என்பதைத் தொழிலாளி அவ்வப்போது சரிபார்த்தல் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இவ்வுரிமை உண்டு. அவர்களுக்கான பங்களிப்பைச் செலுத்தும் பொறுப்பு முதன்மை நிறுவனத்தையும் சாரும்.

மகப்பேற்று விடுப்பு

1928ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேற்று நலச் சட்ட முன்வரைவை ஆதரித்து அண்ணல் அம்பேத்கர் உரையாற்றினார். அடுத்த ஆண்டே அது சட்டமாயிற்று. நாடு முழுமைக்குமான மகப்பேற்றுப் பயன் சட்டம் 1961இல் வந்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம், ஊதியத்துடன் கூடிய விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. இரு குழந்தைகள் உள்ளவர்க்கு அடுத்த பேற்றுக்கு 12 வாரங்களே கிடைக்கும். பேறுகாலத்திற்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள்கள் பணிபுரிந்திருத்தல் தகுதியாகும். இவ்விடுப்பில் இருக்கும் பெண்ணைப் பணிநீக்கம் செய்வது சட்டத்திற்குப் புறம்பானது. தமிழக அரசோ தன் பெண் பணியாளர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத விடுப்பு வழங்குகிறது.

எஞ்சிய இடைவெளி

நோயுற்ற தாயையோ தந்தையையோ கவனிக்க விடுப்பு வேண்டின் என் செய்வது? 1993ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் இதற்கு 12 வாரங்கள் அளிக்கிறது. ஆனால், அந்நாள்களுக்கு ஊதியம் தருமாறு அது கட்டாயப்படுத்தவில்லை. நம் சட்டம் ஊதியம் தருகிறது. எனினும், தனியார் துறையில் பெற்றோரைப் பேணுவதற்கென்று தனி விடுப்பை வகுக்கவில்லை. ஈட்டிய விடுப்பையே அங்குள்ளோர் நம்பியிருக்கின்றனர். மைய அரசின் ஆண் பணியாளர்க்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் துறைத் தந்தையர்க்கு அத்தகைய பொதுச்சட்டம் இல்லை.

சட்டம் தந்த உரிமை, அதை அறியாதவரிடம் வந்து சேர்வதில்லை. விடுப்பை யாரோ இரங்கித் தரும் சலுகையாகக் கருதுபவர் கேட்கத் தயங்குவார். உரிமை என அறிந்தவர் சான்றுடன் கேட்பார். மாணவர்களே! நாளை நீங்களும் ஒரு பணியில் சேர்வீர்கள். அன்று ஊதியம் எவ்வளவு என்று கேட்பதோடு, விடுப்பு எவ்வளவு என்றும் கேளுங்கள்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் குடும்பத்தில் பணிபுரிவோரின் ஊதியச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளதா எனக் கேட்டறிந்து, அவர்கள் பெறத்தக்க பயன்களைப் பட்டியலிடுக.

2. ‘பெற்றோரைப் பேண விடுப்பு வேண்டும்’ என்னும் பொருளில் வகுப்பில் கலந்துரையாடுக.