செய்தி சென்று சேர்வது எங்ஙனம்?

நம் கூட்டுறவுச் சங்கங்களில் அன்றாடம் நடைபெறும் அலுவல்களை எண்ணிப் பார்ப்பின், அவற்றுள் பெரும்பகுதி சொல்லுதலும் கேட்டலுமாகவே இருத்தல் விளங்கும். நூல் வழங்குதல், கூலி கணக்கிடுதல், பயிர்க்கடன் அளித்தல், விளைபொருளை விற்றுத் தருதல் ஆகிய எல்லாவற்றிற்கும் முன்னே, ஒருவர் ஒன்றைச் சொல்ல, மற்றொருவர் அதனைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பணம் குறைந்தால் கடன் பெறலாம். நூல் குறைந்தால் தருவித்துக்கொள்ளலாம். ஒருவரையொருவர் புரிந்துகொள்ளுதல் குறைந்துவிட்டால் சங்கம் பெயரளவில்தான் நிற்கும். ஆகவே, ஒருவர் கருத்து மற்றொருவர் உள்ளத்தைச் சென்றடையும் முறை யாது, அதன் பயன்கள் யாவை என்பவற்றை உறுப்பினர்கள் அறிந்திருத்தல் நலம்.

நம் முன்னோர் இதனை ஆழ்ந்து சிந்தித்துள்ளனர். திருக்குறளில் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் இருப்பது போலவே, கேள்விக்கும் ஓர் அதிகாரம் உண்டு. பிறர் சொல்லாததையும் முகத்தால் அறியும் குறிப்பறிதலுக்கும், கூடியிருப்போர் தன்மையை உணரும் அவையறிதலுக்கும் தனித்தனி அதிகாரங்கள் அமைந்துள்ளன. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும், பேசுபவர், பேசும் பொருள், கேட்பவர் எனப் பேச்சிற்கு மூன்று உறுப்புகள் கூறி, கேட்பவரையே பேச்சின் இலக்காகக் கொண்டார்.

அண்மைக் காலத்தில், 1948-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கிளாட் ஷானன் என்பார் செய்தி செல்லும் வழியைக் கணித முறையில் ஆராய்ந்து வெளியிட்டார். செய்தி தோன்றும் இடம், அதனை அனுப்பும் கருவி, அது செல்லும் வழி, பெறும் கருவி, சென்று சேரும் இடம் என அவர் ஐந்து உறுப்புகளை வகுத்தார். வழியில் புகுந்து செய்தியைச் சிதைப்பதற்கு ‘இரைச்சல்’ என்று பெயரிட்டார். அனுப்பிய எழுத்து சிதையாமல் சேர்ந்ததா என்பதே அவர் ஆராய்ந்த கேள்வி. அதன் பொருள் பெற்றவருக்கு விளங்கிற்றா என்பது தம் ஆராய்ச்சிக்கு உட்பட்டதன்று என்று அவரே தெளிவாகக் கூறியுள்ளார். கம்பியின் வேலை முடியும் இடத்திலேதான் மனிதரின் வேலை தொடங்குகிறது.

இவ்வேறுபாட்டை நெசவாளர் தம் தறியிலேயே காணலாம். பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு என்பார் 1804-ஆம் ஆண்டளவில் உருவாக்கிய பொறியில், துளையிட்ட அட்டைகளே செய்தியைத் தாங்குகின்றன. துளை உள்ள இடத்தில் பாவு இழை எழும். இல்லாத இடத்தில் எழாது. இழைக்கு அது புரிய வேண்டுவதில்லை. அது கேள்வி கேட்பதும் இல்லை. அட்டையைத் தவறாகக் குத்தியிருந்தால் அத்தவறு அப்படியே புடவையில் விழும். சங்க உறுப்பினர் அத்தகைய இழை அல்லர். ‘இது ஏன்?’ என்று கேட்டுத் தவறு துணியில் விழுமுன்னரே தடுக்கும் ஆற்றல் அவருக்கு உண்டு. அவ்வாற்றல் பயன்படாதபோது, அறிவிப்பு வெறும் அட்டையாகி விடுகிறது.

இனி, செய்தி எங்கெங்கே தடைபடுகிறது என்று பார்ப்போம். முதலாவது, சொல்லிலேயே தடை நேரலாம். ‘ஒரு மூட்டை’ என்றால் எல்லா ஊரிலும் ஒரே எடையன்று. ‘அடுத்த வாரம்’ என்பதை ஒருவர் வரும் திங்கள் என்றும், மற்றவர் ஏழு நாள் கழித்து என்றும் கொள்வர். கிலோவும் தேதியும் குறித்துவிட்டால் இக்குழப்பம் இல்லை. இரண்டாவது, வழியில் தடை நேரலாம். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளை எழுத்தறியாதவர் படிக்க இயலாது. கைபேசிக் குறுஞ்செய்தி பேரனோடு நின்றுவிடலாம். மூன்றாவது, மறுமொழியில் தடை நேரலாம். நம்மிடையே தலையசைப்பு ஒன்றே ‘ஒப்புகிறேன்’ என்றும், ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்றும், ‘பெரியவரை மறுத்துப் பேச விரும்பவில்லை’ என்றும் பொருள்படும். அதனை ஒப்புதல் என்று கொள்ளுவது பெருந்தவறு.

பேச்சின் நோக்கங்களும் பல. அறிவித்தல் ஒன்று, வினவுதல் மற்றொன்று, செயலுக்கு இணங்கச் செய்தல் பிறிதொன்று. ‘சாப்பிட்டாயிற்றா?’ என்று வழியில் கேட்பவர் உணவைப் பற்றிச் செய்தி திரட்டுகிறார் அல்லர், உறவைப் பேணுகிறார். இத்தகைய பேச்சின் பயனை மாலினோவ்ஸ்கி என்னும் மானிடவியல் அறிஞர் 1923-ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டினார். இவையன்றி, தம்மைப் பிணைத்துக்கொள்ளும் சொல்லும் ஒன்று உண்டு. வாக்குக் கொடுத்தலும் கையொப்பமிடுதலும் அவ்வகையின.

இதில்தான் உறுப்பினருக்கு மிகுந்த ஆபத்து. கடன் பத்திரத்தில் சாட்சியாகக் கையெழுத்திடுவதாக எண்ணிக்கொண்டு ஜாமீன்தாரராகக் கையெழுத்திட்டவர்களை ஆய்வுக்குச் செல்லும் ஊர்களில் கண்டிருக்கிறோம். சாட்சி, கையெழுத்து இடப்பட்டதைக் கண்டதாகச் சொல்பவர். ஜாமீன்தாரரோ, 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்பட்டிருந்தாலன்றி, கடன் வாங்கியவர் எவ்வளவுக்குப் பொறுப்போ அவ்வளவுக்கும் பொறுப்பாளி ஆவார். ‘இங்கே கையெழுத்துப் போடுங்கள், அண்ணா’ என்ற ஒரு சொல்லில் உறவு பேணும் நோக்கமும் பிணைக்கும் நோக்கமும் கலந்துவிடுகின்றன. கேட்டவர் உறவை மட்டும் கேட்டார். பத்திரமோ பிணைப்பை எழுதிக்கொண்டது. தவணை தவறி நோட்டீசு வரும் நாளில், ‘எனக்கு யாரும் சொல்லவில்லையே’ என்று வருந்துவதால் பயனில்லை.

இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் கடை திறந்த முன்னோடிகள், நெசவாளரும் பிற தொழிலாளருமாகிய எளிய மக்கள். அவர்கள் தம் விதிகளிலேயே, ஆண்டிற்கு நான்கு முறை பொதுக்கூட்டம் கூட்டி நிர்வாகிகள் நிதிநிலையைத் தெரிவிக்க வேண்டும் என்று எழுதி வைத்தனர். சரக்கோடு கணக்கையும் உறுப்பினர் முன் வைக்க வேண்டும் என்று அவர்கள் உணர்ந்திருந்தனர். சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு 1995-ஆம் ஆண்டில் வகுத்த ஏழு கொள்கைகளுள் ஐந்தாவது, கல்வி, பயிற்சி, தகவல் ஆகியவை பற்றியதே.

நாம் செய்யத்தக்கவை சில. செயலாளர் அறிவிப்பை ஒட்டியதோடு நில்லாது, நூல் வழங்கும் நாளிலும் கொள்முதல் நாளிலும் அதனை உரக்கப் படித்துக் காட்டலாம். ‘புரிந்ததா?’ என்று கேட்பதைக் காட்டிலும், ‘நீங்கள் புரிந்துகொண்டதைச் சொல்லுங்கள், ஐயா’ என்று கேட்பது நன்று. உறுப்பினர் கையொப்பமிடுமுன், ‘இதில் நான் யார்? எவ்வளவுக்குப் பொறுப்பு? எதுவரை?’ என்னும் மூன்று வினாக்களைக் கேட்கத் தயங்கலாகாது. பத்திரத்தைப் படித்துக் காட்டச் சொல்வது அவமரியாதையன்று, அவரது உரிமை.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் வரவுசெலவு படிக்கப்படும்போது, விளங்காத ஓர் இனத்தைப் பற்றியேனும் ஒவ்வொருவரும் எழுந்து வினவுவீர்களாக. அவ்வினாவினால் தலைவரின் மதிப்பு குறைந்துவிடாது. அவர் சொன்னது உறுப்பினரைச் சென்று சேர்ந்ததற்கு அதுவே சான்றாகும்.